இடது பக்கம் அவள் சொல்

கூட்டாளிகளே, நேற்றுக் காலையில் நம் வகுப்புக் குழுவில் ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தீர்கள். ரெட்டைச் சடையும் கஞ்சி போட்ட பாவாடையுமாக நான் நடுவில் நிற்கிறேன். மாவட்டப் போட்டியில் பரிசாக வாங்கிய உலக உருண்டையை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் வாழ்த்தும் பூங்கொத்தும் வந்து குவிந்துவிட்டன. துபாயில் இருக்கிற நம் கீழக்கரைக்காரன், "சாரோட மகளாப் பொறந்தவ, குடுத்து வச்சவ" என்று எழுதியிருந்தான். "ஓரமா நிக்கிற பிள்ளை யாரு? நம்ம வகுப்பா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

நமக்கும் வயதாகிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டி வலி. ஒரு முகம் மறந்துபோவது பெரிய குற்றம் இல்லை. ஆனால் எனக்கு மறக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல குட்மார்னிங் படம் பார்க்கப் போய்விடலாம்.

நாம் எட்டாவது படித்த வருஷம் அது. மண்டபத்தில் நம் பள்ளிக்கூடத்தில் அறிவியலும் புவியியலும் எடுத்தவர் என் அய்யா. அந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தெரிந்த வீடுகளிலெல்லாம் பழைய காலண்டர் அட்டைகளை வாங்கி வந்தார். அவற்றை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் ஒரு சொல்லும் மறுபக்கம் அதன் பொருளும் எழுதினார். கிழிந்த வலையிலிருந்து உருவிய நைலான் கயிற்றை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் அட்டைகளை மாட்டினார். பொருள் எழுதிய பக்கம்தான் நம்மைப் பார்த்துத் தொங்கும். "பூமியைச் சுற்றியிருக்கும் காற்றுப் போர்வை" என்று அவர் படித்தால் நாம் "வளிமண்டலம்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அட்டையைத் திருப்பி மாட்டுவார். அன்று முழுக்க அந்தச் சொல் நம்மைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே கருவாடு காயும் வாசனையும், கரையில் ஒதுங்கி அழுகுகிற கடல்தாழையின் வாசனையும் வந்துகொண்டே இருக்கும். இப்போதும் கருவாட்டுக் கடையைத் தாண்டினால் எனக்கு "நிலநடுக்கோடு" என்று வாய்க்குள் வந்துவிடுகிறது.

அந்த அட்டைகளை வெட்டியவள் நான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக் கூடத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பேன். விரல் கன்றிப் போகும். வெட்டி அடுக்கி, அய்யா எழுதி முடித்ததைக் காயவைத்து, ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் பையில் போடுவேன். எனவே எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும். அதுதான் வம்பாகப் போயிற்று.

"நீ வகுப்புல வாயத் தொறக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "எல்லாரும் தெரியாதுன்னு சொன்ன பெறகுதான் நீ. வாத்தியாரு மகளுக்கு வீட்டுலயே சொல்லிக் குடுத்துட்டாருன்னு ஊருல பேச்சு வந்துரும்."

அப்படியே நடந்தது. கடல் மட்டம் உயர்வதையும் தாழ்வதையும் பற்றிய அட்டையை அவர் படித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? லாஞ்சு டிரைவர் மகன் எழுந்து, "தண்ணி ஏறும், வத்தும் சார். அதுக்குத் தனியா ஒரு பேரு வேணுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, அய்யாவும் சிரித்தார். வரிசையாக எல்லோரும் கையை விரித்த பிறகு என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். "ஓதம்" என்றேன். அட்டையைத் திருப்பினார். உங்களில் யாராவது சொல்லியிருந்தால் "சபாஷ்" என்று முதுகில் தட்டியிருப்பார். எனக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் அந்தப் புருவம் எனக்கு மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை அந்தப் புருவம் உயர்ந்தால் எனக்குப் போதும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்களும் ஒரு நாளும் படித்துவிட்டு வந்ததில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அவள் வந்தாள். இலங்கையில் சண்டை மூண்டு, அக்கரையிலிருந்து படகுகள் வந்துகொண்டிருந்த காலம். தலைமையாசிரியர் அவளை நம் வகுப்பு வாசல் வரைக்கும் கூட்டி வந்தார். ஒல்லியாக இருந்தாள். ரிப்பனுக்குப் பதிலாகப் பழைய சேலைக் கிழிசலால் சடையை மடித்துக் கட்டியிருந்தாள். கையில் ஒரே ஒரு பாலிதீன் பை. அதற்குள் அவளுடைய அறிவியல் புத்தகம், உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்து இரண்டு மடங்கு உப்பியிருந்தது. அகதி முகாமில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தாள். நாம் அவளை 'அக்கரைப் பிள்ளை' என்றே கூப்பிட்டோம்.

"டி.சி. எங்கம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"பள்ளிக்கூடமே இப்ப இல்ல, சேர். ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்றாள்.

அவர் வருகைப் பதிவேட்டை வாங்கி, கடைசிப் பெயருக்குக் கீழே அவள் பெயரைப் பென்சிலால் எழுதினார். டி.சி. இல்லாமல் மையில் எழுத முடியாதாம். அந்தப் பென்சில் பெயர் நம் பெயர்களுக்கெல்லாம் கீழே தனியாக நின்றது.

அன்றைக்கே அவள் ஆரம்பித்துவிட்டாள். பூமியின் மேல் கிழக்கு மேற்காகப் போகும் கற்பனைக் கோடு பற்றிய அட்டை. எல்லோரும் முழித்தார்கள். அய்யாவின் முகம் என் பக்கம் திரும்பப் போகிற நேரம், கடைசி பெஞ்சில் அவள் எழுந்தாள்.

"அகலாங்கு, சேர்."

நாம் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், உரக்க. அய்யா சிரிக்கவில்லை.

"என்னத்தா சொன்ன? இன்னொருக்காச் சொல்லு."

"அகலாங்கு. மற்றது நெட்டாங்கு. எங்கட புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

அய்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அகலத்துக்குப் போறது அகலாங்கு, நெடுக்கப் போறது நெட்டாங்கு. நான் இங்கன அட்சரேகை, தீர்க்கரேகைன்னு வருசக்கணக்கா வெளக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். நம் அட்டையைத் திருப்பி மாட்டினார். பிறகு புது அட்டை ஒன்றில் சிவப்பு மையில் அவள் சொல்லை எழுதி அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டார். அன்றைக்குப் புருவம் உயரவில்லை. மறுநாளும் உயரவில்லை.

நாம் பவளப்பாறை என்று படித்தது அவளுக்கு முருகைக்கல். நமக்குச் சூரியக் குடும்பம், அவளுக்கு ஞாயிற்றுத்தொகுதி. கரியமில வாயுவை அவள் காபனீரொட்சைட்டு என்றபோது நீங்கள் அதை ஒரு வாரத்துக்கு வசவு போலப் பயன்படுத்தினீர்கள். "போடா காபனீரொட்சைட்டு." கயிற்றில் சிவப்பு அட்டைகள் பெருகின. நம் சொல் தெரியுமா என்று அய்யா அவளைக் கேட்கவே இல்லை. "ஒஞ் சொல்லையே சொல்லு ஆத்தா, கேக்க நல்லாருக்கு" என்பார். ஆத்தா. என்னை அவர் அப்படிக் கூப்பிட்டு எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு "ஏய்", அவசரமாக இருந்தால் "இந்தா".

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. "அமுக்கம்னா அழுத்தமாம். மழைவீழ்ச்சியாம். எவ்வளவு அழகா வச்சிருக்காங்க பாரு" என்பார். "கொழம்புக்கு அவங்க என்ன பேரு வச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு வாங்க. இத ஆற விடாமச் சாப்புடுங்க" என்பாள் அம்மா. அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

ஐப்பசி பிறந்து வாடை பலமாகிவிட்டது. உங்களுக்கே தெரியும், அந்த மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், படகுகளையெல்லாம் தெற்குக் கடலுக்குக் கொண்டுபோய்க் கட்டுவார்கள். மழையில் அட்டைகள் நமுத்துத் தொங்கிய ஒரு நாள், காற்றழுத்தத் தாழ்வு நிலை பற்றிய பொருளை அய்யா படித்தார்.

"தாழமுக்கம், சேர்" என்றாள் அவள். உட்காரவில்லை. "அது வந்தா வள்ளம் எடுக்கேலாது. எங்கட அப்பா அங்காலதான் நிக்கிறார். பின்னால வாறன் எண்டவர்."

மறுநாளிலிருந்து அய்யா காலை ரேடியோச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து, பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் கரும்பலகையின் மூலையில் கடல் நிலவரத்தை எழுத ஆரம்பித்தார். "தாழமுக்கம் இல்லை" என்று எழுதுவார், அவள் சொல்லிலேயே. பாடத்துக்காக எழுதுகிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். அது ஒரே ஒருத்திக்காக என்று எனக்குத் தெரியும். அவள் உள்ளே வந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பாள். எனக்காக என் அய்யா ஒரு நாளும் ரேடியோ கேட்டதில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. என் அய்யாதான் ஒவ்வொரு சாயங்காலமும் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடுகிறாரே, எனக்கு எதற்கு ரேடியோ என்பது அந்த வயதில் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டை வேலைக்கும் அவளை வரச் சொன்னார். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் வாரம் நான் வெட்டினேன், அவள் எழுதினாள். மூன்றாவது வாரம் அவளே வெட்டவும் செய்தாள். எனக்குக் கிளிப்புகளைத் துடைக்கிற வேலை மிஞ்சியது. அவளிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுவே எனக்குப் பெரிய குறையாக இருந்தது. ஒரு நாள் அய்யா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு எல்லாம் தெரியும். வகுப்பில ஏன் பேசாம இருக்கிறனி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். வேறு எவருமே கவனிக்காததை இவள் கவனித்துவிட்டாளே என்று அதற்கும் எரிச்சல்.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் அந்தப் போட்டி அறிவிப்பு வந்தது. ராமநாதபுரத்தில், மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து அறிவியல் சொற்போட்டி. பூமி, வானம், சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட சொற்கள். பள்ளிக்கு இரண்டு பேர். நான் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியை வைக்கப் போனவள், ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றுவிட்டேன். அய்யா முதலில் அவள் பெயரைச் சொன்னார். "ரெண்டாவதா ஒங்க மகளே போகட்டும் சார்" என்றார் தலைமையாசிரியர். "அவ எதுக்கு சார்? சரி, தொணைக்கு வேணா வரட்டும்" என்றார் அய்யா.

துணைக்கு. அந்தச் சொல்லுக்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை, எனக்குப் பொருள் நன்றாகவே தெரிந்தது.

தலைமையாசிரியர் மேலும் சொன்னதையும் கேட்டேன். "அந்தப் பிள்ள ஜெயிச்சுட்டு வரட்டும் சார். அந்தச் சான்றிதழ வச்சு நான் மேல எழுதி, பேர மையில ஏத்திருறேன். இல்லேன்னா டி.சி. இல்லாம எட்டாவதுல வச்சிருக்க முடியாது. ஆறாவதுலதான் ஒக்கார வைக்கணும். எனக்கு வேற வழி இல்ல." ஆக, அந்தப் போட்டி அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஊரில் பெரியப்பா இறந்துபோன செய்தி வந்தது. அய்யா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கிளம்புகிறபோதுதான் அவருக்குத் தன் தப்பு தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக அவள் சொல்லையே கேட்டு ரசித்தவர், நம் புத்தகச் சொற்களை அவளுக்குப் பழக்கவே இல்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டே அவசர அவசரமாக ஒரு முழுத்தாளில் எழுதினார். நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"இத அந்தப் பிள்ளகிட்ட இன்னைக்கே குடுத்துரு. எடது பக்கம் அவ சொல்லு, வலது பக்கம் நம்ம புத்தகச் சொல்லு. திருத்துறவங்க புத்தகத்துல உள்ளதத்தான் பாப்பாங்க. நான் காரியத்த முடிச்சிட்டு நேரா ராம்நாடு வந்துருறேன்."

அன்று சாயங்காலமே முகாமுக்குப் போனேன். கொடுக்கத்தான் போனேன், அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள், வாசலுக்கு வாசல் சாக்குப் படுதா, குழாயடியில் குடங்களின் நீண்ட வரிசை. அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும், "சேரின்ர மகளே? இரும் பிள்ள, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். பால் இல்லாத தேநீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. அவள் சுவரில் சாய்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் கையில் இருந்தது அய்யாவின் பேனா.

அரக்கு நிறம், தங்க நிறத்தில் கிளிப். எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஆறாவதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த பேனா. "பெரிய வகுப்புக்குப் போ, தாரேன்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டியவர்.

"சேர் தந்தவர். போட்டிக்கு இதால எழுதட்டாம்" என்றாள். மகிழ்ச்சியில் அவள் கன்னம் மினுங்கியது.

பனங்கட்டியை மென்றுகொண்டே இருந்தேன். பாவாடை மடிப்புக்குள் அந்தத் தாள் உறுத்தியது. "என்ன விஷயம், சும்மாவோ வந்தனி?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்றேன்.

நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அவளுக்கென்று எழுதியதைப் பிரித்துப் பார்க்கக்கூட எனக்கு மனம் ஒப்பவில்லை. என் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மறுநாள் அவள் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். நாளைக்கு என்ற சொல் நான்கு நாளும் எனக்குக் கை கொடுத்தது.

தையல் டீச்சரோடு ரயிலில் போனோம். ராமநாதபுரத்தில் போட்டி நடந்த பள்ளிக்கூட வாசலில் அய்யா நின்றிருந்தார். தலை மழித்திருந்தது, கண் குழிவிழுந்திருந்தது. "குடுத்தியா?" என்று கேட்டார். "குடுத்தேன்" என்றேன். மணி அடித்துவிட்டது.

பொருள் கொடுத்திருந்தார்கள், சொல் எழுத வேண்டும். எனக்கு முன் வரிசையில் அவள். கேள்வித்தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அரக்குப் பேனாவால் நிறுத்தாமல் எழுதினாள். ஒன்றுகூட அவளுக்குத் தெரியாதது இல்லை. என்ன எழுதுகிறாள் என்று எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. வற்றுப்பெருக்கு. நெட்டாங்கு. முருகைக்கற்பாறை. தாழமுக்கம். நம்மிடம் வந்த பிறகு அவள் கயிற்றில் பார்த்துப் பழகிய சில சொற்கள் தவிர மற்றதெல்லாம் அவள் புத்தகத்தில் இருந்தபடி.

மத்தியானமே திருத்தி முடித்துவிட்டார்கள். அவள் தாளில் சிவப்புக் கோடு கோடாக அடித்திருந்தது. என் பெயரை முதலாவதாக வாசித்தார்கள். உருண்டை கனமாக இருந்தது, புது வார்னிஷ் வாசனை அடித்தது. படம் எடுக்க வந்தவர் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கச் சொன்னார். அவள் ஓரத்தில் போய் நின்றாள். இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவள் வலது கையில் ஒரு பேனா இருக்கும்.

திரும்பும் ரயிலில் அய்யா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உச்சிப்புளி தாண்டும் வரை வெளியே உடைமரக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டுத் தெளிவா எழுதிக் குடுத்துவிட்டேனே. படிச்சுப் பாக்கலையா? அந்தப் பேப்பரத் தொடக்கூட இல்லையா நீ?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. என்ன பேப்பர் என்று கேட்க உதடு பிரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் மடியில் இருந்த உருண்டையைப் பார்த்தேன், எந்தக் கடல் என்று தெரியாத ஒரு நீலத்தை.

"வாசிச்சனான், சேர்" என்றாள். "அங்க போய் இருந்த உடன எல்லாம் மறந்து போச்சு."

"கவனம் இல்லாத படிப்பு என்ன படிப்பு?" என்றார் அய்யா. அவள் மேல் அவருக்கு வந்த முதல் கோபமும் கடைசிக் கோபமும் அதுதான்.

உங்களுக்குத் தோன்றும், அந்த இடத்தில் நான் அழுதிருப்பேன் என்று. அழவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இவளால் எப்படி முடிந்தது என்றுதான் நினைத்தேன். என்னால் முடிந்திருக்காது. இதிலும் என்னை ஜெயித்துவிட்டாளே என்று அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மறுவாரம் தலைமையாசிரியர் பதிவேட்டில் அந்தப் பென்சில் பெயரை ரப்பரால் அழித்தார். அழித்த இடத்தில் தாள் மட்டும் சொரசொரவென்று எழும்பி நின்றது. அவள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு, குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தோம், அப்புறம் பழகிவிட்டது. கரும்பலகை மூலையில் கடல் நிலவரம் எழுதுவதை அய்யா நிறுத்திவிட்டார்.

மாசி கடைசியில் அவளுடைய அப்பா ஒருவழியாக வந்து சேர்ந்தார். சில நாட்களில் அவர்களை உள்நாட்டில் வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அய்யா கடைவீதிக்குப் போயிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இது உன்ர அப்பான்ர பேனை. நீ வச்சிரு."

அவ்வளவுதான். திட்டவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. தெருமுனையில் அவளுடைய அப்பா காத்துக்கொண்டு நின்றார். அவள் போய்ச் சேர்ந்ததும் அவள் தலையில் கையை வைத்தார். அந்தக் கையை எடுக்காமலேயே நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். தெரு முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

பேனா திரும்பி வந்ததைப் பார்த்த அய்யா, "ரோசக்காரப் பிள்ள. நான் வஞ்சதுக்குக் கோவிச்சுக்கிட்டு எறிஞ்சிட்டுப் போயிருச்சு" என்றார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் புது எட்டாம் வகுப்புக்கு அவர் ஒரு கதை சொல்வார். எல்லாம் தெரிந்த ஒரு பிள்ளை, எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் போய்க் கோட்டைவிட்ட கதை. உங்கள் தம்பி தங்கைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். நான் ஒரு நாளும் குறுக்கே பேசவில்லை. வாயைத் திறக்காமல் இருக்கத்தான் அவரே என்னைப் பழக்கியிருந்தாரே. அந்தப் பேனாவால் நான் எழுதியதில்லை. மை உறைந்து, எந்த வீடு மாற்றும்போதோ தொலைந்துபோனது. உருண்டை என் தம்பி பிள்ளைகள் உருட்டி விளையாடி, வட துருவத்தில் பிளந்துவிட்டது.

அய்யா காலமான பிறகு வீட்டை ஒழித்தோம். துருப்பிடித்த டிரங்குப் பெட்டியை இரும்புக்காரனுக்குப் போட எடுத்தபோது அடியிலிருந்து செய்தித்தாளோடு அந்தத் தாளும் வந்தது. மடிப்பு பிரிக்காமல் அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிரித்தேன். உள்ளே அறுபது சொற்களுக்குக் குறையாது. இடது பக்கம் அவள் சொல், வலது பக்கம் நம் சொல், நடுவில் அளவுகோல் வைத்த கோடு. திருப்பினேன். பின்பக்கத்தில் அய்யாவின் அவசரக் கையெழுத்து இருந்தது.

"ஆத்தா, இரண்டு பக்கமும் சரியான சொல்தான். ஆனால் திருத்துகிறவர்களுக்கு வலது பக்கம்தான் தெரியும். நான்கு நாளில் உன்னால் முடியும். சந்தேகம் வந்தால் என் மகளைக் கேள். நான்தான் அவளைப் பேச விடுவதில்லை. என்னிடம் படித்தவர்களில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்."

ஓரத்தில் நிற்கும் பிள்ளை யார் என்று கேட்டவளுக்கு இதுதான் பதில். அந்தத் தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து இதன் கீழே போட்டிருக்கிறேன். எனக்கு வந்த பூங்கொத்துகளை அவரவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாள் இப்போது என் பீரோவில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் படிப்பேன். என்னைப் பற்றிய வரிகளை மட்டும் படிக்க வேண்டும் என்றுதான் எடுப்பேன். ஆனால் கண் முதலில் போய் நிற்பது 'ஆத்தா' என்ற முதல் சொல்லில். இத்தனை வயதுக்குப் பிறகும், அது எனக்கு எழுதியது இல்லையே என்று ஒரு நிமிஷம் வலித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க முடிகிறது.